காற்றாடிமலை வெள்ளி

ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம் நின்று பேச முடியாது. கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று சொல்லை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும். இப்போது பங்குனி. முப்பந்தல் பக்கம் வரிசை கட்டி நிற்கும் காற்றாலைகளில் பல அசையவே இல்லை. மாலை நாலு மணியாகியும் பாறையில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. தவக்காலத்தின் நான்காவது வாரத்து வெள்ளிக்கிழமை.

காற்றாடிமலையின் அடிவாரத்தில் ஒரு வேன் வந்து நிற்கிறது. கல்குளம் பக்கத்து ஏதோ ஒரு பங்கின் அன்பியக் குழுவினர் என்று பேச்சிலிருந்து தெரிகிறது. முதலில் இறங்குவது ஆட்கள் அல்ல, சிலுவை. வேனின் மேலே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இரண்டு பையன்கள் அதைக் கீழே இறக்குகிறார்கள். அயனி மரம். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கும். தோளில் படும் இடம் மட்டும் கறுத்து வழவழவென்றிருக்கிறது. எத்தனையோ தவக்காலங்களின் வியர்வை அந்த இடத்தில் ஊறியிருக்க வேண்டும்.

சிலுவைப் பாதை தொடங்குகிறது. உபதேசியார் ஒருவர் புத்தகத்தைப் பார்த்து முன்னே சொல்ல, மற்றவர்கள் பார்க்காமல் பின்னே முடிக்கிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் மண்டியிடுகிறார்கள். தரை வழுவழுப்பான பளிங்கு அல்ல. சரளையும் சூடும் கலந்த பாறை. வயதான பெண்கள் பக்கத்திலிருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கி, அதே தோளைப் பிடித்துக்கொண்டு பைய எழுகிறார்கள். எழும்போது ஒரு சின்ன முனகல். பிறகு அடுத்த நிலை. பதினான்கு நிலைகளுக்குப் பதினான்கு முறை இறங்கி எழ வேண்டும். நாலாவது நிலையிலேயே ஒரு அம்மாவின் முழங்கால் நடுங்குவது சேலைக்கு மேலேயே தெரிகிறது. அவர் உட்காரவில்லை. யாரும் அவரை உட்காரச் சொல்லவும் இல்லை. பக்கத்தில் நின்ற பெண் மட்டும், அடுத்த நிலையில் கேட்காமலேயே தோளைத் தாழ்த்திக் கொடுக்கிறாள்.

இது புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட மலை. 14 ஜனவரி 1752. இங்கே வருகிற எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். நட்டாலத்தில் 1712ல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலர். வீட்டில் செல்வம் தேய்ந்து, கால்நடைகள் செத்து, மனம் உடைந்திருந்த காலத்தில் டி லனாய் என்ற டச்சுத் தளபதியோடு பழக்கம் ஏற்படுகிறது. 1741ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சியளித்தவர் டி லனாய்.  துயரத்தில் இருந்த நண்பனிடம் அவர் யோபுவின் கதையைச் சொன்னார். பிள்ளைகளையும் மந்தைகளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்து, கடவுளோடு வாதாடி, ஆனால் கடவுளை விட்டுப் போகாத மனிதனின் கதை. ஒரு மனிதன் கிறிஸ்தவத்துக்குள் நுழைந்த வாசல் இதுவென்றால், உள்ளே என்ன காத்திருக்கிறது என்பது நுழையும்போதே அவருக்குச் சொல்லப்பட்டுவிட்டது.

திருமுழுக்குப் பெற அவர் திருவிதாங்கூரின் எல்லைக்கு அப்பாலிருந்த வடக்கன்குளத்துக்குப் போனார். அங்கிருந்த இயேசு சபைக் குரு புத்தாரியிடம் 14 மே 1745 அன்று திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் ஆக்கிக்கொண்டார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். மேலே ஏறி நின்றால் இந்தக் கணவாய் முழுதும் தெரிகிறது: கீழே சாலை, நாகர்கோவில் ரயில் பாதை, கிழக்கே வெளுத்துக் கிடக்கும் சமவெளி. பத்மநாபபுரத்துக்கும் வடக்கன்குளத்துக்கும் நடுவில் இருப்பது இந்த இடம்தான். திருமுழுக்குக்கு ஏழு ஆண்டு கழித்து இதே இடத்தில் அவர் சங்கிலியோடு நின்றார்.

அந்த ஏழில் கடைசி மூன்று ஆண்டுகளைத்தான் எல்லோரும் வரைகிறார்கள். பிப்ரவரி 1749ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு எருமையின் மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக நடத்தியது, காயத்தில் மிளகாய்ப் பொடி, பெருவிளையில் வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டி வைத்தது, புலியூர்க்குறிச்சியில் தாகத்துக்குப் பாறையில் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் சுரந்தது. பெருவிழா மலர்களிலும் கோயில் சுவர்களிலும் இந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு முந்தைய நான்கு ஆண்டுகள் எந்தச் சுவரிலும் இல்லை. 1745க்கும் 1749க்கும் நடுவே அவர் அரண்மனைக்கு வேலைக்குப் போய் வந்திருப்பார், ஜெபம் கற்றிருப்பார், மனைவியோடு சேர்ந்து மாலையில் முழங்காலிட்டிருப்பார். தாழ்ந்த சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து உண்டார் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. அதுவும் ஒருநாள் செய்து முடிக்கும் காரியம் இல்லை. ஒவ்வொரு பந்தியிலும் புதிதாகத் துணிய வேண்டிய காரியம். எனக்கு அந்த நான்கு ஆண்டுகளின் மேல்தான் தீராத ஆவல். வேப்பமரத்தில் கட்டப்பட்டபோது தளராமல் நின்ற மனிதன் அந்த நான்கு ஆண்டுகளில்தான் உருவாகியிருக்க வேண்டும்.

சுடுவதற்கு முன் ஜெபிக்கக் கொஞ்சம் நேரம் கேட்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நேரம் கொடுத்தார்கள். பாறையில் மண்டியிட்டார். அந்தச் சில நிமிடங்களை என்ன செய்வது என்று அவர் தடுமாறியிருக்க மாட்டார். ஒவ்வொரு நாளும் செய்ததையே அன்றும் செய்திருப்பார்.

சிலுவைப் பாதையினர் ஏழாவது நிலைக்கு வந்துவிட்டார்கள். இயேசு இரண்டாம் முறை விழுகிறார். சிலுவை கைமாறுகிறது. இதுவரை தூக்கி வந்தவன் கல்லூரிப் பையன். தோளைத் தேய்த்துக்கொண்டு ஒதுங்குகிறான். அடுத்து வருபவருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டை புதிதாகத் தேய்த்தது, ஆனால் உடம்புக்குப் பெரியது. சமீபத்தில் உடம்பு இளைத்தவர் போலிருக்கிறது. கைகள் மெல்ல நடுங்குகின்றன. சிலுவையைத் தோளில் ஏற்றும்போது பையன் தணிந்த குரலில் கேட்கிறான்.

“அண்ணே, குடிய விட்டு எத்தன நாளாச்சு?”

“இன்னையோட முப்பத்தொண்ணு.”

சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் சரியாக வருகிறது. திருச்சபை ஞாயிறுகளைக் கழித்துவிட்டுத்தான் தவக்காலத்தை நாற்பது நாள் என்கிறது. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு இல்லை. இவர் ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணுகிறார். இவருடைய நோன்புக்கு ஞாயிறு விடுப்புக் கொடுக்காது.

அவருடைய மனைவி பத்தடி பின்னால் வருகிறாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில். அவரையே பார்க்கிறாள், ஆனால் அவர் திரும்பும்போது வேறு எங்கோ பார்க்கிறாள். முப்பத்தொரு நாளை நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம் என்பது போன்ற முகம். எட்டாவது நிலை முடிந்ததும் அவர் மூச்சு வாங்கி நிற்கிறார். வாங்கிக்கொள்ள இரண்டு பேர் முன்னால் வருகிறார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். ஒன்பதாவது நிலைவரை தூக்குகிறார். அங்கே இயேசு மூன்றாம் முறை விழுகிறார்.

பதினான்கு நிலைகளில் மூன்று, விழுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒரு முறை போதாதா என்று சிறுவயதில் தோன்றியிருக்கிறது. ஜெபம் நீண்டுகொண்டே போகும், முழங்கால் வலிக்கும். இன்று இந்த மனிதருக்குப் பின்னால் நிற்கும்போது அந்த மூன்றும் எவ்வளவு இரக்கத்தோடு வைக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிகிறது. கடவுளின் மகன் விழுவதை மக்கள் பார்த்துப் பார்த்து ஜெபித்திருக்கிறார்கள், மூன்று முறையும். கல்வாரிக்குப் போகும் வழி விழாதவர்களின் வழியாக ஒருபோதும் சித்திரிக்கப்பட்டதில்லை. அவர் சிலுவையை இறக்கி வைக்கிறார். மனைவி பாட்டிலை நீட்டுகிறாள். வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிறார். மிச்சத்தைக் குழந்தையின் தலையில் தெளிக்கிறார். குழந்தை கத்துகிறது. அவள் முதல்முறையாகச் சிரிக்கிறாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழவர் தனியாக ஏறுகிறார். செருப்பில்லை. மற்றவர்கள் சூட்டில் குதிக்கும் இடங்களில் இவர் நிதானமாகப் பாதத்தைப் பரப்பி வைக்கிறார். மேல் பொத்தான்கள் போடாத சட்டைக்குள் நெஞ்சில் காய்ப்புக் காய்த்த கறுப்புத் தடம். பனையேறி. இந்த மாவட்டத்தில் அந்தத் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது அப்படிப்பட்ட நெஞ்சுகள் குறைந்துவிட்டன. ஒரு சிறுவன், பேரனாக இருக்கலாம், கூடவே ஏறிக்கொண்டு ஜெபத்துக்கு நடுவே கேள்வி கேட்டபடி வருகிறான்.

“பாட்டா, ஒரு நாளு எத்தன பன ஏறுவிய?”

“காலத்த முப்பது. சாயங்காலம் அதே முப்பது.”

“அக்கானி வரலேன்னாலுமா?” பதநீரைத்தான் அக்கானி என்கிறான்.

“வரலேன்னாலும் ஏறணும். பாளைய ஒருநாளு சீவாம போட்டா அடைச்சுப் போவும் மக்ளே. பொறவு நீ தலகீழா நின்னாலும் வராது.”

சிறுவன் யோசிக்கிறான். “மொத நாளே வந்திருமா?”

“எங்க வரும்? கடிப்பு வச்சு நாளு கணக்கா இடுக்கணும். அப்பம் ஒரு சொட்டு இருக்காது. ஏறிப் போவ, இடுக்குவ, வெறுங்கலயத்தோட எறங்குவ.”

உபதேசியார் திரும்பிப் பார்க்கிறார். இருவரும் பேச்சை நிறுத்தி முழங்காலிடுகிறார்கள். கிழவர் யார் தோளையும் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்கிறார், உதடு அசையவில்லை. அவர் ஜெபிக்கிறாரா, பழைய பனங்காட்டை நினைக்கிறாரா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். எத்தனை ஆண்டு காலை இருட்டில், ஊர் எழும்பும் முன்னே, முதல் பனையின் அடியில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்ட கை அது. குமரியிலும் நெல்லையிலும் பனையேறிகளின் காசில் எழுந்த கோயில்கள் பல. பெருவிழாக் கொடி ஏற்றுகிறவர்கள் பட்டியலில் அவர்களுடைய பெயர் வருவது அரிது.

பாறைக்கு வந்துவிட்டார்கள். தேவசகாயம் மண்டியிட்ட தடங்கள் என்று காட்டப்படும் குழிகளைச் சுற்றிப் பெண்கள் உட்காருகிறார்கள். விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். சற்றுத் தள்ளி மணியடிச்சான் பாறையைப் பிள்ளைகள் கல்லால் தட்டுகிறார்கள். வெண்கலம் போல ஒலி எழும்புகிறது. பெரியவர்கள் அதட்டுகிறார்கள், பிறகு அவர்களும் போய் ஒரு முறை தட்டிவிட்டு வருகிறார்கள். மெழுகுதிரி சாய்ந்து சாய்ந்து எரிகிறது. கடைசி நிலை முடிந்து ஜெபமும் முடிந்தபின் கூட்டம் சிறு சிறு வட்டங்களாகப் பிரிகிறது. பலர் ஒருசந்தி இருப்பவர்கள். மதியம் ஒரு வேளை உண்டதுதான். கீழே கஞ்சி காத்திருக்கிறது என்கிறார்கள். அதற்காக யாரும் அவசரப்படவில்லை.

இந்த இளைப்பாறலில்தான் வேறு இருவரைக் கவனிக்க நேர்ந்தது. ஏறும்போதும் கூட்டத்தின் நடுவில்தான் வந்தார்கள், கண்ணில் படவில்லை. ஒருவர் பருத்திச் சேலை கட்டிய முதியவர். மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி. எல்லோரும் அவரை டீச்சர் என்கிறார்கள். மற்றவள் இருபத்தைந்து வயதுப் பெண். கையில் பள்ளிக்கூட நோட்டு. அட்டை மடங்கிப் போயிருக்கிறது. பாறை நிழலில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் முணுமுணுக்கிறாள், நோட்டைப் பார்க்கிறாள், மறுபடி முணுமுணுக்கிறாள்.

விசுவாசப் பிரமாணம். கத்தோலிக்க வீட்டில் பிறந்த பிள்ளைகள் எப்போது கற்றோம் என்ற நினைவே இல்லாமல் சொல்லும் வாசகம். இவள் பிறந்து வளர்ந்தது வேறு வீட்டில் என்பது அவள் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைக்கும் கவனத்திலேயே தெரிகிறது. பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறப் போகிறவள். பிலாத்துவின் பெயர் வரும் வரை ஒழுங்காக வருகிறாள். அந்தப் பெயரைத் தாண்டியதும் சாவும் அடக்கமும் பாதாளமும் வரிசை குழம்பிவிடுகின்றன. டீச்சர் திருத்தவில்லை. தலையை மட்டும் இடவலமாக அசைக்கிறார். பெண் நிறுத்தி, நோட்டைத் திறக்கிறாள்.

தவக்காலம் வடிவம் பெற்றதில் இவளைப் போன்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நான்காம் நூற்றாண்டின் நடுவில் எருசலேமில் சிரில் என்பவர், உயிர்ப்புப் பெருவிழாவில் திருமுழுக்குப் பெறக் காத்திருந்தவர்களுக்குத் தவக்காலத்தில் உரை நிகழ்த்தினார். கல்வாரியும் கல்லறையும் இருந்த இடத்தில் எழுப்பிய பேராலயத்திலேயே நின்று பேசினார். அந்த 18 உரைகளும் அழியாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. விசுவாசப் பிரமாணத்தை ஏட்டில் எழுதிவைக்காதீர்கள், நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள், கவனமாகச் சொல்லிப் பாருங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டார். துன்புறுத்தல் அடங்கிச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம். நோட்டைப் பிடுங்கிவிடலாம், ஆளைச் சிறையில் போடலாம் என்று அறிந்த தலைமுறை அது. பின்னாளில் ஊரோடு ஊராகக் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பது வழக்கமானபோது இந்த நீண்ட தயாரிப்பு மங்கிப்போனது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972ல், திருச்சபை அதை மீட்டுக் கொண்டுவந்தது. தவக்காலத்தின் நடுவில் விசுவாசப் பிரமாணத்தைக் கையளிப்பார்கள். புனித சனியன்று காலையில், பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்று இரவு தண்ணீர்.

வடக்கன்குளத்தில் அரண்மனை அலுவலர் ஒருவரும் இப்படித்தான் யார் முன்னாலோ உட்கார்ந்து தட்டுத் தடுமாறி ஒப்பித்திருப்பார். அவருக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. ஏடு பார்த்துக் கணக்கெழுதியவர், வடமொழியும் மலையாளமும் தமிழும் புழங்கிய அவையில் நின்றவர், பிலாத்துவைத் தாண்டியதும் வரிசை மறந்து நின்றிருப்பாரோ என்னவோ. அப்படி நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. 2022ல் உரோமையில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது விரித்த பெரிய படத்தைவிட இந்தப் படம் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

பெண் மறுபடி தொடங்குகிறாள். மறுபடி அதே இடம். இந்த முறை கண்ணில் நீர் கோத்துவிடுகிறது.

“எனக்கு வராது டீச்சர்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தியில் துடைக்கிறார். கையை நீட்டி நோட்டை வாங்குகிறார். மூடித் தன் மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொள்கிறார்.

“வீட்ல என்ன சொல்லுதாவ?”

“அம்மை பேசுததில்ல. அண்ணன் மட்டும் போன்ல பேசும்.”

“அம்மைக்கி நீ பேசுதியா?”

“தெனமும் கூப்பிடுதேன். எடுக்கமாட்டாவ.”

“கூப்பிடு. எடுக்கலேன்னாலும் தெனம் கூப்பிடு.” டீச்சர் கொஞ்சம் நிறுத்துகிறார். “நீ ஆரையும் விட்டுட்டு வரல, கேட்டியா. அத அவங்க மெதுவாத்தான் நம்புவாவ.”

கீழேயிருந்து கஞ்சிக்கு அழைக்கும் குரல் வருகிறது. சிலுவையை இறக்கிப் போகும் முறை யாருடையது என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். தொளதொளச் சட்டைக்காரர் தானே ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறார். இறக்கத்தில் இரண்டு பேர் வேண்டும். பனையேறிப் பாட்டா பேரனை முன்னால் விட்டு, அவன் வழுக்கும் இடங்களில் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்தபடி இறங்குகிறார். அடுத்த வெள்ளி எந்த ஊர் வேன் என்று ஒரு பெண் கேட்கிறாள். அதற்கடுத்தது பெரிய வெள்ளி, அன்றைக்குச் சொந்தக் கோயிலில்தான் என்று பதில் வருகிறது.

பெண் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

“புனித சனி காலத்த எல்லார் முன்னாலயும் மறந்துபோனா என்ன செய்ய டீச்சர்?”

“நான் உனக்க பொறத்தாலதான் நிப்பேன். ஞானத்தாய் நானில்லியா? ஆனா ஒரு சொல்லு எடுத்துத் தரமாட்டேன். மறந்தா நின்னு யோசி. ஒனக்காண்டி எல்லாரும் காத்து நிப்பாவ.”

“அப்பமும் வரலேன்னா?”

“மொதல்லேருந்து சொல்லு. இப்பமும் மொதல்லேருந்து சொல்லு. எறங்கிட்டே சொல்லு, வா.”

இருவரும் எழுகிறார்கள். டீச்சர் ஒரு கையால் பாறையையும் மறு கையால் பெண்ணின் தோளையும் பிடித்துக்கொள்கிறார். நோட்டு டீச்சரின் கைப்பையில் இருக்கிறது. பெண் விண்ணையும் மண்ணையும் படைத்தவரிடமிருந்து தொடங்கி, காலடியைப் பார்த்துக்கொண்டே, உரக்கச் சொல்லியபடி இறங்குகிறாள்.